டியூஷனா, மிஸ்ஸைப் பார்ப்பதா: பெங்களூருக்குப் பிழைக்க வந்த வீட்டின் ஐந்து மணி நேரம்

போன ஜூலையில் ஒரு சாயங்காலம் கீழ்வீட்டு அக்கா கையில் ஒரு நோட்டோடு மாடியேறி வந்தார். முகம் வாடியிருந்தது. மகள் அரசுப் பள்ளியில் இரண்டாங்கிளாஸ். மத்தியானம் பள்ளி வாசலில் வைத்து மிஸ் கொஞ்சம் கோபமாகவே சொல்லியிருக்கிறார்: "மனெ கெலச மாடில்ல."

அக்கா ஈஜிபுராவிலிருந்து கோரமங்கலா பக்கம் போய் நான்கு வீடுகளில் வேலை பார்க்கிறவர். அபார்ட்மென்ட் கேட்டில் செக்யூரிட்டி உள்ளே போன் போட்டுச் சொல்வதும் "மனெ கெலசதவரு பந்திதாரெ" என்றுதான், வீட்டு வேலைக்காரர் வந்திருக்கிறார் என்று. அதனால் அந்தச் சொல் அவருக்கு நன்றாகத் தெரியும். "நான் வேலைக்குப் போறதுல மிஸ்ஸுக்கு என்ன கோவம்? இல்ல, பிள்ளையை வீட்டு வேலை வாங்குறேன்னு யாராவது வத்தி வச்சிட்டாங்களா?"

நோட்டைப் பிரித்துப் பார்த்தேன். இரண்டு பக்கம் காலி. ஹோம்வொர்க் எழுதவில்லை என்று சொல்லியிருக்கிறார் மிஸ். கன்னடத்தில் வீட்டு வேலைக்கும் அந்தச் சொல்தான், வீட்டுப்பாடத்துக்கும் அந்தச் சொல்தான்.

சிரித்தோம். காபி குடித்தோம். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அக்கா கேட்டார்: "பேசாம டியூஷன்ல போட்டுடலாமா? மாசம் 500 ரூபாதானாம்."

இந்தக் கேள்வி எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் உண்டு. தர்மபுரி, திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கமிருந்து வந்து பிள்ளையைக் கன்னட வழி அரசுப் பள்ளியிலோ பக்கத்துச் சின்ன இங்கிலீஷ் மீடியத்திலோ சேர்த்தாயிற்று. ஃபீஸ், யூனிஃபார்ம், சாக்ஸ் எல்லாம் முடிந்தது. அதற்குமேல் பிள்ளை படிப்பில் நாம் என்ன செய்வது? அக்காவிடம் இருப்பது வாரத்துக்கு ஐந்து மணி நேரமும் மாதம் 500 ரூபாயும். அதை எதில் போடலாம் என்று அன்று இரவு ஒன்பது மணி வரை பேசினோம். அதைத்தான் எழுதுகிறேன். எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்ற சண்டைக்கு நான் வரவில்லை.

டியூஷனைப் பற்றி எனக்குக் கோபம் உண்டு, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். என் பையனை ஒண்ணாங்கிளாஸிலிருந்தே டியூஷனில் போட்டோம். இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டு ஹாலில் இருபதுக்குமேல் பிள்ளைகள். டிகிரி படிக்கிற ஒரு பெண் சொல்லிக்கொடுத்தாள். பாவம், நல்ல பெண். ஆறு மணிக்கு உள்ளே போனால் எட்டு மணிக்கு வெளியே வருவான். நோட்டில் ஒரு பிழை இருக்காது, வரிசையாக டிக். மூன்றாங்கிளாஸ் வந்த பிறகு ஒரு நாள் பஸ் ஸ்டாப்பில் நின்றபோது, வருகிற பஸ் எங்கே போகிறது என்று பார்த்துச் சொல்லச் சொன்னேன். அவன் போர்டைப் பார்க்கவே இல்லை, என் முகத்தைப் பார்த்தான். இரண்டு வருடமாக அங்கே பலகையில் எழுதிப்போட்டதை அப்படியே நோட்டில் வரைந்திருக்கிறான். எழுத்து முத்துமுத்தாக இருக்கும், ஒன்றையும் வாசிக்கத் தெரியாது. அதுவரை நோட்டைப் பார்த்து சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தது நான்தான்.

ஆனாலும் டியூஷனுக்கு ஒரு நியாயம் இருக்கிறது. ஏழு மணிக்குமேல்தான் வீட்டில் ஆள் என்றால், அதுவரை பிள்ளை பத்திரமாக ஓரிடத்தில் உட்கார்ந்திருக்கிறது. அந்த நிம்மதிக்கு 500 ரூபாய் அதிகமில்லை. ஆனால் அதைக் காவலுக்கான காசு என்று எண்ணிக் கொடுக்க வேண்டும், படிப்புக்கான காசு என்று எண்ணி ஏமாறக்கூடாது. 2020-இல் மத்திய கல்வி அமைச்சகம் கொண்டுவந்த புத்தகப் பைக் கொள்கை, இரண்டாம் வகுப்பு வரை வீட்டுப்பாடமே வேண்டாம் என்கிறது. 3 முதல் 5 வரை வாரத்துக்கு 2 மணி நேரம் போதுமாம். நம் பிள்ளைகளோ ஒண்ணாங்கிளாஸிலேயே ஒரு நாளைக்கு 2 மணி நேரம் டியூஷன் பாயில் கால் மரத்துப்போய் உட்கார்ந்திருக்கிறார்கள். இன்னொன்று, பள்ளி ஆசிரியரே தனியாக டியூஷன் எடுப்பதைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 28-ஆவது பிரிவு தடுக்கிறது. கிளாஸ் மிஸ்ஸே "சாயங்காலம் என் வீட்டுக்கு அனுப்புங்க" என்று சொன்னால் தலையாட்டிவிட்டு வராதீர்கள்.

டியூஷன் பலன் தருகிறதா என்று பார்க்க நோட்டைப் பார்த்துப் பயனில்லை. நாடு முழுக்க ஊர் ஊராகப் போய்ப் பிள்ளைகளின் வாசிப்பைப் பார்க்கும் 'அசர்' கணக்கெடுப்பு 2005-இலிருந்து நடக்கிறது. அவர்கள் கையில் இருப்பது ஒரே ஒரு தாள். அதில் முதலில் எழுத்துகள், பிறகு சொற்கள், அப்புறம் ஒண்ணாங்கிளாஸ் அளவுக்கு ஒரு பத்தி, கடைசியில் இரண்டாங்கிளாஸ் அளவுக்கு ஒரு குட்டிக்கதை. ஐந்து எழுத்தைக் காட்டி நாலைச் சரியாகச் சொன்னால் அடுத்த படி. இதை வீட்டிலேயே செய்யலாம். பாடப்புத்தகத்தில் கடைசியாக நடத்தின பாடத்தைத் தவிர்த்து வேறு பக்கத்தைத் திறந்து, வரிசையாக இல்லாமல் அங்கொன்றும் இங்கொன்றுமாக விரல் வைத்துக் கேளுங்கள். உங்களுக்கு வாசிக்கத் தெரியாது என்றால் பக்கத்து வீட்டு ஏழாங்கிளாஸ் பையனை ஒரு பிஸ்கட் பாக்கெட்டுக்குக் கூப்பிட்டு உட்காரவையுங்கள். ஐந்து நிமிட வேலை. நான் இரண்டு வருடம் தள்ளிச் செய்தேன்.

அடுத்தது, வீட்டில் நாமே உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பது. இதைச் சொன்னதும் அக்கா கையை உதறினார். "எனக்கு ஒரு எழுத்துகூடத் தெரியாதே." தமிழ் எழுதப் படிக்கத் தெரியும், எட்டாவது வரை படித்தவர். கன்னடம் பேச்சு சரளமாக வரும், காய்கறிக்காரரிடம் அவர் போடும் சண்டையைக் கேட்க வேண்டும். தெரியாதது கன்னட எழுத்து மட்டும். நம்மில் நிறையப் பேர் இந்த நிலைதான், இதை நாம் 'ஒண்ணும் தெரியாது' கணக்கில் சேர்த்துவிடுகிறோம்.

அன்று அந்த நோட்டில் சிவப்பு மையில் ஏழு வட்டங்கள் இருந்தன. எல்லாம் ஒரே ஜாதிப் பிழை. செடிக்குக் கன்னடத்தில் 'கிட'. பிள்ளை 'கிட' என்று எழுதியிருந்தது, மிஸ் வட்டம் போட்டுப் பக்கத்தில் 'கிட' என்று திருத்தியிருந்தார். இதைத் தமிழில் எழுதினால் உங்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை, பார்த்தீர்களா? அந்தப் பிள்ளையின் பாடும் அதுதான். நமக்குக் 'க' ஒன்று. மக்கள் என்றாலும் அதே எழுத்து, தங்கம் என்றாலும் அதே எழுத்து. கன்னடத்தில் மக்களின் க வேறு எழுத்து, தங்கத்தின் க வேறு எழுத்து. அவை போக மூச்சு விட்டுச் சொல்லும் இரண்டு வேறு இருக்கின்றன. பத்து, பந்து, தப்பு, தம்பி எல்லாவற்றிலும் இதே கதை. கன்னட எழுத்து மொத்தம் 49, அதில் மெய் மட்டும் 34. நம்முடையது 18.

இதில் நல்ல சேதி, அந்த ஒலிகளில் பாதி ஏற்கெனவே நம் வாயில் இருக்கின்றன. எழுத்தில்தான் இல்லை. அதனால் அக்காவுக்கு ஒரு விளையாட்டுச் சொல்லிக்கொடுத்தேன். பிள்ளை ஒரு கன்னடச் சொல்லைச் சொல்ல வேண்டும், அம்மா கேட்க வேண்டும்: "இது மக்கள் க-வா, தங்கம் க-வா? தப்பு ப-வா, தம்பி ப-வா?" அம்மாவுக்கு எழுத்து தெரிய வேண்டியதில்லை, காது இருந்தால் போதும். செடிக்கு வருவது தங்கத்தின் க. வாழைக்குச் சொல்லும் 'பாளெ' தம்பியின் ப. பாத்திரம் துலக்கிக்கொண்டே விளையாடலாம்.

இன்னொரு விளையாட்டு இதைவிட ருசியானது. தமிழில் ப-வில் தொடங்கும் பல பழைய சொற்கள் கன்னடத்தில் ஹ ஆகிவிடும். பால் ஹாலு, பல் ஹல்லு, பூ ஹூவு, புலி ஹுலி, பத்து ஹத்து, பாம்பு ஹாவு, பெயர் ஹெசரு, போ ஹோகு. பழைய கன்னடத்தில் அவர்களும் ப-தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள், பின்னால் மாறியது. அதே மாதிரி வ வந்தால் தம்பியின் ப: வெண்ணெய் பெண்ணெ, வெல்லம் பெல்ல, வேர் பேரு, வா என்றால் பா. இந்த இரண்டு விதியைப் பிடித்துக்கொண்டால் இரண்டாங்கிளாஸ் புத்தகத்தில் நிறையச் சொல்லுக்குப் பிள்ளையே பொருள் கண்டுபிடிக்கும். எல்லாவற்றுக்கும் பொருந்தாது. பாட்டியை 'ஹாட்டி' என்று கூப்பிட்டால் அடிவிழும், அவர்களுக்கு அஜ்ஜி. அந்த விதிவிலக்குக்குத்தான் பிள்ளைகள் அதிகம் சிரிக்கிறார்கள்.

கணக்கு இன்னும் சுலபம். வாய்ப்பாட்டுக்கு அங்கே 'மக்கி' என்று பெயர். (தங்கத்தின் க போட்டுப் படியுங்கள், இல்லாவிட்டால் குப்பை மக்கியது போல இருக்கும்.) அக்கா மாதம் முழுக்க மனக்கணக்கிலேயே வாழ்கிறவர். ஒரு வீட்டில் மாதம் 3,000, இரண்டு நாள் லீவுக்கு 250 பிடித்துவிட்டார்கள், சரியா தப்பா? 30 நாளுக்கு வகுத்தால் 200 தானே? இதைப் பிள்ளையிடம் சத்தமாகக் கேட்டாலே கூட்டலும் வகுத்தலும் ஆயிற்று. அந்த 50 ரூபாயை அக்கா திரும்ப வாங்கியும்விட்டார்.

தமிழில் பேசினால் கன்னடமும் இங்கிலீஷும் கெட்டுவிடும் என்று ஒரு பயம் இருக்கிறது. சில மிஸ்மாரும் "வீட்டில் கன்னடத்திலேயே பேசுங்கள்" என்கிறார்கள். நல்லெண்ணம்தான். அம்மா தட்டுத்தடுமாறும் மொழியில் கதை சொல்ல முடியுமா? "ஏன் மழை பெய்யுது" என்று பிள்ளை கேட்டால் நாலு வார்த்தையில் முடித்துவிடுவோம். ஜிம் கம்மின்ஸ் என்ற மொழிக்கல்வி ஆய்வாளர் பல வருடம் முன்பே எழுதியது இது: வெளியே பார்க்க இரண்டு மொழி தனித்தனி, அடியில் அறிவு ஒன்றுதான். தாய்மொழியில் விளங்கிக்கொண்டது மற்ற மொழிக்கும் போய்ச் சேரும், அந்த மொழி போதுமான அளவு காதில் விழுந்தால். அது காதில் விழுவதற்குத் தெரு இருக்கிறது, பள்ளி இருக்கிறது. தமிழுக்கு நாம் மட்டும்தான்.

நாமே கன்னடம் எழுதப் படிக்கக் கற்றுக்கொள்வது இன்னொரு வழி. நான் அதைத்தான் செய்தேன், பையன் மூன்றாங்கிளாஸில் இருந்தபோது அவனோடு சேர்ந்தே. ஆறு மாதம் ஆயிற்று, ஒத்தெழுத்து (ஓர் எழுத்தோடு ஒட்டிக் கீழே வரும் இன்னோர் எழுத்து) இன்னும் தகராறுதான். பையனுக்கு அம்மாவுக்கு டீச்சராக இருப்பதில் அப்படி ஒரு பெருமை. என் நோட்டில் வட்டம் போடுவதற்கென்றே சிவப்புப் பேனா வாங்கிக்கொண்டான். நேரம் இருந்தால் இதற்கு ஈடில்லை. நாலு வீட்டு வேலை முடித்து வருகிற உடம்பிடம் இதை முதல் வேலையாகச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அக்காவிடம் ஒன்று மட்டும் சொன்னேன்: பிள்ளையின் பெயரும் பஸ் போர்டில் நம் ஏரியா பெயரும் வாசிக்கத் தெரிந்துகொள்ளுங்கள், மிச்சம் மெதுவாக வரட்டும்.

இனி, பள்ளிக்கே போவது. நம் ஆட்கள் அதிகம் பயப்படுவது இதற்குத்தான், என் கணக்கில் அதிகப் பலன் தருவதும் இதுதான்.

வருடத்துக்கு இரண்டு மூன்று முறை 'போஷகர சபெ' என்று பெற்றோர் கூட்டம் வைப்பார்கள். அக்கா ஒரே ஒரு முறை போயிருக்கிறார். அரை நாள் வேலைக்கு லீவு போட்டு, நல்ல சேலை கட்டி, கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, சொன்னதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு வந்தார். மிஸ் என்ன சொன்னார் என்று மகளிடம் கேட்டிருக்கிறார். "நல்லா படிக்கிறேனாம்." மொழிபெயர்ப்பாளரே குற்றவாளியாகவும் இருந்தால் தீர்ப்பு இப்படித்தான் வரும்! பிள்ளையை இடையில் நிறுத்திப் பேசுவது மட்டும் வேண்டாம். அது பொய் சொல்லும் என்பதற்காக மட்டுமில்லை. ஒருவேளை உண்மையையே சொல்லவேண்டி வந்தால், ஏழு வயசில் தன்னைப் பற்றிய புகாரைத் தானே அம்மாவுக்கு எடுத்துச் சொல்வது எவ்வளவு பெரிய பாரம்.

கூட்ட நாளில் போவதைவிட, சாதாரண சனிக்கிழமையில் போவது நல்லது. சனிக்கிழமை அரை நாள்தான் வகுப்பு. பிள்ளைகள் போன பிறகு மிஸ் ரிஜிஸ்டர் எழுதிக்கொண்டிருப்பார், அப்போது ஐந்து நிமிடம் கிடைக்கும். மாதத்துக்கு ஒரு முறை. கையில் மூன்று கேள்வி போதும், மனப்பாடம் செய்துகொள்ளலாம். "இவளிகெ யாவுதரல்லி கஷ்ட?" எதில் சிரமப்படுகிறாள். "மனேலி ஏனு மாடிஸ்பேக்கு?" வீட்டில் என்ன செய்யவைக்க வேண்டும். மூன்றாவது, சின்ன வகுப்பில் 'நலி கலி' முறை இருந்தால் ரொம்ப உபயோகமானது. 1995-இல் மைசூர் மாவட்டம் ஹெக்கடதேவனகோட்டேயில் ஆரம்பித்து மாநிலம் முழுக்கப் பரவிய முறை இது. ஆடிக்கொண்டே கற்றுக்கொள் என்று அர்த்தம். அதில் ஒவ்வொரு பாடத்துக்கும் சுவரில் ஒரு கலிகெ ஏணி, அதாவது கற்கும் படிகளை வரிசையாகக் காட்டும் ஏணிப் படம், தொங்கும். ஏணி என்றால் அங்கேயும் ஏணிதான். "நம்ம ஹுடுகி ஏணியல்லி எல்லிதாளெ?" (எங்கள் பெண் ஏணியில் எங்கே இருக்கிறாள்) என்று கேட்டால் மிஸ் எழுந்து வந்து விரல் வைத்துக் காட்டுவார். இங்கே இருக்கிறாள், இந்தப் படியில் ஒரு மாதமாக நிற்கிறாள். மொழியே வேண்டாம், கண்ணால் பார்த்துவிடலாம். அடுத்த மாதம் போய் நகர்ந்திருக்கிறதா என்று பார்க்கலாம்.

"போனா மிஸ் திட்டுவாங்களே?" என்றார் அக்கா. கல்வி உரிமைச் சட்டம், 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருப்பது, அதன் 24-ஆவது பிரிவில் ஆசிரியரின் கடமைகளை வரிசையாகச் சொல்கிறது. பெற்றோரோடு தவறாமல் கூட்டம் நடத்தி, பிள்ளையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் எல்லாவற்றையும் தெரிவிப்பது அதில் ஒன்று. நாம் கேட்பது தயவு இல்லை என்று தெரிந்துகொண்டு போகலாம். சட்டம் பேசப் போகத் தேவையில்லை. உள்ளுக்குள் முதுகு நிமிர்ந்திருக்க அது போதும். நிஜத்தில் நடப்பது வேறு: 40 பிள்ளைகளில் யாருடைய அம்மா மாதாமாதம் வந்து கேட்கிறாரோ, அந்தப் பிள்ளையின் மேல் மிஸ்ஸின் கண் தானாகவே ஒரு முறை கூடுதலாகப் போகும். இது நியாயமா என்று கேட்டால் நியாயமில்லைதான்.

இன்னொரு பயமும் இருக்கிறது, அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. 1991 டிசம்பரில் காவிரிக் கலவரத்தைப் பார்த்த மாமனார் மாமியார்கள் எங்கள் தெருவில் இன்னும் இருக்கிறார்கள். 2016 செப்டம்பரில் பஸ்கள் எரிந்ததை நாங்களே பார்த்தோம். அதனால் பள்ளி வாசலில் பிள்ளையைக் கூப்பிடும்போதுகூடக் குரல் தானாகத் தாழ்கிறது. அந்த ஞாபகத்தைப் பொய் என்று சொல்லமாட்டேன். ஆனால் சாதாரணச் சனிக்கிழமையில், "நனகெ கன்னட ஸ்வல்ப ஸ்வல்ப பருத்தெ, நிதானவாகி ஹேளி" (எனக்குக் கன்னடம் கொஞ்சம் கொஞ்சம் வரும், நிதானமாகச் சொல்லுங்கள்) என்று ஆரம்பித்த எந்த அம்மாவையும் ஒரு மிஸ்ஸும் விரட்டி நான் பார்த்ததில்லை. அரைகுறைக் கன்னடத்துக்கு இந்த ஊரில் இருக்கும் மரியாதை, இங்கிலீஷுக்குக் கிடையாது. நிறைய மிஸ்மாருக்குத் தமிழ் காதில் விழுந்தால் புரியும் என்பது இன்னொரு விஷயம், சினிமா பார்த்தே கற்றுக்கொண்டவர்கள்.

அப்பாக்களைப் பற்றி ஒரு வரி. பள்ளி விஷயத்தில் அவர்கள் செய்வது பெரும்பாலும் ரேங்க் கார்டில் கையெழுத்து. பெயின்டிங், சென்டரிங், டெலிவரி என்று அவர்கள் வேலைக்கு நேரம் காலம் கிடையாது, தெரியும். ஆனால் டெலிவரி வண்டி ஓட்டுகிறவர் மத்தியானம் பள்ளி வழியாகத்தானே போகிறார்? சனிக்கிழமை ஐந்து நிமிடம் அவரும் நிறுத்தலாம்.

எஸ்.டி.எம்.சி. என்ற பள்ளிக் குழுவைப் பற்றி அக்காவிடம் சொன்னபோது, அது பணக்காரர் சமாச்சாரம் என்று நினைத்தார். நேர்மாறு. கர்நாடகத்து அரசுப் பள்ளிகளில் 2001-இலிருந்தே இந்தப் பள்ளி வளர்ச்சி மேற்பார்வைக் குழு இருக்கிறது. பிறகு வந்த கல்வி உரிமைச் சட்டமும், குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோராக இருக்க வேண்டும், மொத்தத்தில் பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்றது. ஏழை, பின்தங்கிய வீடுகளின் பெற்றோருக்கு அவர்கள் தொகைக்கேற்ற இடமும் உண்டு. பள்ளிக்கு வரும் பணம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பதும், பள்ளி வளர்ச்சித் திட்டம் போடுவதும் இந்தக் குழுவின் வேலை. அரசு உதவி பெறாத தனியார் பள்ளிக்கு இது கிடையாது.

எங்கள் பக்கத்தில் ஒரு பள்ளியில் பெண்பிள்ளைகள் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போய் மாதக்கணக்கில் கிடந்தது. பிள்ளைகள் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருந்து, மத்தியானத்துக்குமேல் தலைவலி என்று படுத்துவிடுவார்கள். மூன்று அம்மாக்கள் குழுக் கூட்டத்தில் போய் உட்கார்ந்தார்கள், அதில் ஒருவருக்குக் கன்னடம் பாதிதான். அடுத்த வாரம் தாழ்ப்பாள் வந்தது. எந்த டியூஷனாலும் இது நடக்காது. ஆனால் இதன் பலன் மெதுவாக வரும், எல்லாப் பிள்ளைக்கும் சேர்த்து வரும். உங்கள் பிள்ளைக்கு இந்த மாதம் எழுத்து வரவில்லை என்றால் குழு அதற்கு மருந்தில்லை. கூட்டம் முழுக்கக் கன்னடத்தில் ஓடும், உள்ளூர்க்காரர் நாலு பேர் குரல்தான் கேட்கும். முதல் வருடத்திலேயே இதில் இறங்கச் சொல்லமாட்டேன். மிஸ்ஸுக்கு உங்கள் முகம் பழகட்டும், அடுத்த வருடம் பெயர் கொடுக்கலாம்.

"இவ்வளவு பாடு எதுக்கு, ஊர்ல எங்கம்மாகிட்ட விட்டுடறேன்" என்பதும் அன்று பேச்சில் வந்தது. அந்த இழுப்பு எனக்கும் தெரியும். தமிழிலேயே படிக்கும். 2023 ஆகஸ்ட்டிலிருந்து தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றிலும் காலையில் உப்புமாவோ பொங்கலோ போடுகிறார்கள். பள்ளி மாற்றுவதும் கஷ்டமில்லை, டி.சி. தாமதமாகிறது என்று சேர்க்க மறுக்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. ஆனால் பாட்டிக்கு 68 வயசு, முட்டி வலி. பிள்ளைக்கு ஏழு வயசு. வருடத்துக்கு இரண்டு முறை பஸ் ஏறிப் போய்ப் பார்க்கும் அம்மாவால் எந்த ஏணியை எண்ண முடியும்? அக்கா இதற்குப் பதில் சொல்லவில்லை. பேச்சை மாற்றிவிட்டார்.

இங்கிலீஷ் மீடியத்தில் போட்டவர்களுக்குக் கணக்கு கொஞ்சம் மாறும். அங்கே மிஸ்ஸைப் பார்க்க அப்பாயின்ட்மென்ட், டைரி, வாட்ஸ்அப் குரூப் எல்லாம் உண்டு, எல்லாமே இங்கிலீஷில். குரூப்பில் வரும் செய்தியை இப்போது போனே தமிழில் மாற்றிக் கொடுத்துவிடுகிறது. பதிலைத் தமிழில் குரல் பதிவாக அனுப்பத் தயங்காதீர்கள். அந்தப் பள்ளியிலும் கன்னடம் ஒரு பாடமாகக் கட்டாயம், 2015-ஆம் ஆண்டுச் சட்டம் அது. ஆகவே மக்கள் க, தங்கம் க விளையாட்டு அங்கேயும் செல்லுபடியாகும். அங்கே டியூஷனுக்கான நெருக்கடி இன்னும் அதிகம், வீட்டில் இங்கிலீஷ் கேட்கவே வழியில்லையே. அந்த வீடுகளுக்கு ஒரு நல்ல டியூஷன் வேண்டியிருக்கலாம். பத்துப் பிள்ளைக்குமேல் இல்லாத, பலகையில் எழுதிப்போடாமல் பிள்ளையை வாசிக்கவைக்கும் டியூஷனாகப் பார்த்துச் சேருங்கள். சேர்ப்பதற்கு முன் ஒரு நாள் ஜன்னல் வழியாகப் பாருங்கள். யார் சத்தம் அதிகம் கேட்கிறது என்று கவனியுங்கள், மிஸ் சத்தமா பிள்ளைகள் சத்தமா.

அன்று இரவு அக்காவின் ஐந்து மணி நேரத்தை இப்படிப் பிரித்தோம். தினமும் சமையல் நேரத்தில் அரை மணி, பிள்ளை அடுப்படியிலேயே உட்கார்ந்து சத்தமாக வாசிக்க வேண்டும், அம்மா கேட்க வேண்டும், நடுவில் விளையாட்டு. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் கணக்கு, கடைக்குப் போகிற சாக்கில். மாதத்தில் ஒரு சனிக்கிழமை மிஸ். மிச்ச நேரம் அக்காவுக்குத் தூங்க. டியூஷனை தசரா லீவு வரை தள்ளிவைத்தோம். அதற்குள் எழுத்தைத் தாண்டிச் சொல்லுக்கு வரவில்லை என்றால் சேர்க்கலாம் என்று பேச்சு. ஏழு வயசுப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அக்காவின் நாத்தனார் வீட்டில் இருந்தது ஒரு வசதி. அது இல்லாத வீடாக இருந்தால் நானும் டியூஷனுக்குத்தான் அனுப்பச் சொல்லியிருப்பேன்.

ஆகஸ்ட்டில் முதல் சனிக்கிழமை போனார். மிஸ் ஏணியைக் காட்டினாராம். கீழேயிருந்து ஐந்தாவது படி. செப்டம்பரில் போனபோது ஏழாவது. பெரிய தாவலில்லை. சிவப்பு வட்டங்கள் இப்போது இரண்டு மூன்றுக்கு வந்திருக்கின்றன, தம்பியின் ப மட்டும் இன்னும் காலை வாருகிறது.

டியூஷனுக்கென்று எடுத்துவைத்த முதல் 500 ரூபாயில் அக்கா ஒரு எல்.இ.டி. டியூப் லைட் வாங்கி அடுப்படியில் மாட்டிவிட்டார். அங்கே இதுவரை இருந்தது மங்கலான ஒரு பல்பு. அதன் வெளிச்சத்தில் பிள்ளைக்கு அந்த இரண்டு எழுத்தும் ஒன்றாகத்தான் தெரிந்திருக்கும் என்கிறார்.